ஒன்பது இலக்கங்கள்: ‘தொழில்நுட்ப உதவி’ என்ற பெயரில் வரும் தொலைபேசி மோசடி எப்படி இயங்குகிறது?

தஞ்சாவூரில் இருக்கும் என் சித்தப்பா 35 ஆண்டுகள் கணக்கராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு ரூபாய் இடித்தாலும் பேரேட்டை முதல் பக்கத்திலிருந்து கூட்டிப் பார்க்கிற மனிதர். ஒரு நாள் காலை வீட்டிலிருந்த தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரம் நின்றுபோகவே, அந்த நிறுவனத்தின் சேவை எண்ணைக் கைப்பேசியில் தேடி, மேலே முதலாவதாக வந்த எண்ணுக்கு அழைத்தார். எடுத்தவர் நல்ல தமிழில், வார்த்தைக்கு வார்த்தை ‘சார்’ போட்டு, பொறுமையாகப் பேசினார். மெக்கானிக் மதியமே வந்துவிடுவார், பதிவுக் கட்டணம் 10 ரூபாய் மட்டும்தான், அதைச் செலுத்த ஒரு செயலியை இறக்கிக்கொள்ளுங்கள் என்றார். செயலியைத் திறந்ததும் திரையில் ஒன்பது இலக்கங்கள் தெரிந்தன. சித்தப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தவறில்லாமல் இருக்க வேண்டுமே என்று, அவற்றை இரண்டு முறை வாசித்துச் சொன்னார். அடுத்து வந்த அனுமதிக் கேள்விக்கும் ‘சரி’ என்று அழுத்தினார். அரை மணி நேரத்துக்குள் மூன்று தவணைகளாக 48,000 ரூபாய் அவர் கணக்கிலிருந்து போயிற்று. அதைச் சித்தியிடம் சொல்ல அவருக்கு இரண்டு நாள் ஆயிற்று.

இந்தக் கட்டுரை அந்த ஒன்பது இலக்கங்களைப் பற்றியும் அந்த இரண்டு நாட்களைப் பற்றியும் எழுதப்படுவது. தொலைபேசி வழியாக நடக்கும் தொழில்நுட்ப உதவி மோசடியில் யாரும் பூட்டை உடைத்துக்கொண்டு உள்ளே வருவதில்லை. வாசலில் நின்று நல்ல வார்த்தை பேசுகிறார்கள், வீட்டுக்காரரே சாவியைத் தேடி எடுத்துக் கொடுக்கிறார். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய வைரஸ் தடுப்பு மென்பொருளும் இதற்கு முன்னால் செயலற்று நிற்பதற்குக் காரணம் இதுதான்.

இதன் பழைய வடிவம் 2008ஆம் ஆண்டு வாக்கில் ஆங்கிலம் பேசும் நாடுகளைக் குறிவைத்துப் பரவியது. வீட்டுத் தொலைபேசி ஒலிக்கும். “விண்டோஸ் தொழில்நுட்பப் பிரிவிலிருந்து பேசுகிறோம், உங்கள் கணினியிலிருந்து எங்களுக்குப் பிழைச் செய்திகள் வந்துகொண்டே இருக்கின்றன” என்று ஒருவர் தொடங்குவார். 2012 அக்டோபரில் அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன், ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் உள்ள தொலைத்தொடர்பு ஒழுங்காற்று அமைப்புகளோடு சேர்ந்து, இத்தகைய கும்பல்கள் மீது ஆறு வழக்குகளைத் தொடர்ந்திருப்பதாக அறிவித்தபோது, அவற்றில் பெரும்பாலானவை இந்தியாவிலிருந்து இயங்கியவை என்பதும் சேர்ந்தே வெளிவந்தது. கொல்கத்தாவிலும், டெல்லியை அடுத்த குருகிராம், நொய்டா பகுதிகளிலும் முறையான கால்சென்டர்கள் நடக்கும் அதே மாதிரியான கட்டடங்களில், அதே மாதிரியான ஹெட்செட்டுகளோடும் ஷிப்ட் முறையோடும் இந்தப் போலி மையங்கள் நடந்தன, இன்னமும் நடக்கின்றன. 2023 அக்டோபரில் மத்தியப் புலனாய்வுத் துறை ‘ஆபரேஷன் சக்ரா 2’ என்ற பெயரில் 76 இடங்களில் சோதனை நடத்தியபோது, அதற்குக் காரணமான புகார்களில் மைக்ரோசாஃப்ட், அமேசான் நிறுவனங்கள் கொடுத்தவையும் இருந்தன.

இந்த அழைப்புகளின் நடுப்பகுதியைச் சற்று நெருங்கிப் பார்ப்பது நல்லது. ஏமாற்று நடப்பது அங்கேதான். தம் பேச்சை நம்பாதவரிடம் அவர்கள் சான்று காட்டுகிறார்கள், அந்தச் சான்று கேட்பவரின் கணினிக்குள்ளேயே இருக்கிறது. விண்டோஸில் ‘ஈவென்ட் வியூவர்’ என்று ஒரு பதிவேடு உண்டு. கணினியில் நடக்கும் சின்னச் சின்னத் தடங்கல்களையெல்லாம் அது குறித்துவைக்கும்: ஒரு சேவை தொடங்கத் தாமதமானது, பிரிண்டர் பதில் சொல்லவில்லை, இணையம் ஒரு நொடி அறுந்தது என்பவை போல. இதை எழுதும்போது என் மடிக்கணினியில் அதைத் திறந்து பார்த்தேன். சிவப்பு வட்டமும் மஞ்சள் முக்கோணமுமாக நூற்றுக்கணக்கான வரிகள். கணினியோ ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. எந்த நல்ல கணினியிலும் இப்படித்தான் இருக்கும். இதை அறியாத ஒருவரிடம், “எண்ணிப் பாருங்கள், எத்தனை சிவப்பு என்று நீங்களே சொல்லுங்கள்” என்று கேட்டால், அவர் தன் வாயாலேயே தன் கணினிக்கு நோய் என்று சொல்லிவிடுகிறார். ஆரோக்கியமான மனிதனின் நாடித் துடிப்பையே காட்டி, ‘பார், உள்ளே என்னமோ துடிக்கிறது’ என்று பயமுறுத்துவதற்கு ஒப்பானது இது.

இதையும் மிஞ்சிய தந்திரம் ஒன்று உண்டு. கட்டளைத் திரையைத் திறக்கச் சொல்லி, கோப்பு வகைகளைப் பட்டியலிடும் ஒரு சிறு கட்டளையைத் தட்டச் சொல்வார்கள். ஓடி முடிந்த பட்டியலின் அடியில் 888 என்று தொடங்கும் நீண்ட குறியீடு ஒன்று நிற்கும். “உங்கள் கணினிக்கு மட்டுமே உரிய எண் இது, எங்கள் பதிவிலும் இதே எண் இருக்கிறது, வாசிக்கிறேன், சரிபார்த்துக்கொள்ளுங்கள்” என்று எதிர்முனையில் இருப்பவர் எழுத்துப் பிசகாமல் வாசிப்பார். உண்மையில் அந்தக் குறியீடு உலகிலுள்ள விண்டோஸ் கணினிகள் அனைத்திலும் ஒன்றுதான். தன் வீட்டு அறைக்குள் இருக்கும் இரகசிய எண்ணை எங்கோ இருக்கும் ஒருவர் அறிந்திருக்கிறார் என்றதும், அதுவரை சந்தேகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தவரின் எதிர்ப்பு தளர்ந்துவிடுகிறது.

பிற்காலத்தில் இவர்கள் தாமாக அழைக்கும் செலவையும் குறைத்துக்கொண்டார்கள். ஏதோ ஓர் இணையப் பக்கத்தைத் திறக்கும்போது திரை முழுவதும் சிவப்பாகவோ நீலமாகவோ மாறி, அபாய ஒலி அலற, ‘கணினியை அணைக்காதீர்கள், உடனே இந்த எண்ணை அழையுங்கள்’ என்ற எச்சரிக்கை வரும். அழைப்பவர் பயந்துபோய்த் தானாகவே வந்து சேர்வதால், பாதி வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது. அமெரிக்காவின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இத்தகைய 60 மோசடிக்காரர்களை ஏமாந்தவர்கள் போல நடித்து அழைத்துப் பேசி, 2017இல் தம் ஆய்வை வெளியிட்டார்கள். இல்லாத நோய்க்கு வைத்தியம் பார்க்க அப்போது கேட்கப்பட்ட தொகை சராசரியாக 290 டாலர். இன்று அது பழைய கதை. எஃப்பிஐயின் இணையக் குற்றப் புகார் மையம் தந்த கணக்கின்படி, 2024ஆம் ஆண்டில் மட்டும் இந்த வகை மோசடியில் இழக்கப்பட்டதாகப் பதிவான தொகை 146 கோடி டாலர். அதில் பெரும்பகுதி 60 வயதைக் கடந்தவர்களின் பணம்.

தொகை இவ்வளவு பெருத்ததற்குக் காரணம், பழுதுபார்ப்புக் கட்டணம் என்பது வெறும் முதற்படியாகிவிட்டதுதான். அழைத்தவரின் கணினி கைக்கு வந்ததும், “சேவையை இரத்து செய்துவிட்டோம், பணத்தைத் திருப்பித் தருகிறோம்” என்று வங்கிக் கணக்கைத் திறக்கச் சொல்கிறார்கள். பிறகு திரையில் தெரியும் வங்கிப் பக்கத்தின் எழுத்துகளை மட்டும் மாற்றி, 300 டாலருக்குப் பதில் 30,000 டாலர் வந்துவிட்டது போலக் காட்டி, “ஐயோ, ஒரு கைப்பிழை நேர்ந்துவிட்டது, என் வேலையே போய்விடும்” என்று அழுகிறார்கள். கணக்கில் ஒரு காசுகூட ஏறியிருக்காது. நேர்மையான மனிதர் அடுத்தவர் பணம் தமக்கு வேண்டாம் என்று கடைக்கு ஓடி, எண்ணை அறிந்தவர் யாரும் பணம்போலச் செலவழிக்கக்கூடிய பரிசு அட்டைகள் வாங்கி, அவற்றின் எண்களைச் சுரண்டிச் சொல்கிறார். இந்தக் கட்டத்தில் கொள்ளை போவது பணம்தான் என்றாலும், கருவியாக்கப்பட்டது அவருடைய நாணயம். எனக்கு இதில் மிகவும் கொடுமையாகப் படுவது இதுதான். பேராசைக்காரர்கள்தான் ஏமாறுவார்கள் என்று சொல்கிறவர்கள் இந்த ஒரு முறையை மட்டும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

படிக்காதவர்களும் வயதானவர்களும்தான் சிக்குவார்கள் என்ற எண்ணமும் அவ்வாறே தவறானது. மைக்ரோசாஃப்ட் 2021இல் 16 நாடுகளில் எடுத்த ஆய்வில், உலக அளவில் 59 விழுக்காட்டினர் இத்தகைய முயற்சிகளை எதிர்கொண்டதாகச் சொன்னபோது, இந்தியாவில் அது 69 விழுக்காடாக இருந்தது. இந்தியாவில் பதிலளித்தவர்களில் 31 விழுக்காட்டினர் பணத்தையும் இழந்திருந்தார்கள். இளைய தலைமுறையினர் இந்த எண்ணிக்கையில் பின்தங்கவில்லை. கைப்பேசியில் எதையும் சட்டென்று செய்து பழகிய கைக்கு, ‘சரி’ என்ற பொத்தானை அழுத்தத் தயக்கம் வருவதில்லை. ஜிம் பிரவுனிங் என்ற புனைபெயரில் இயங்கும் பிரிட்டனைச் சேர்ந்த ஒருவர், இந்தக் கும்பல்களின் கணினிகளுக்குள்ளேயே நுழைந்து அவர்களை அம்பலப்படுத்துவதற்காக அறியப்பட்டவர். குருகிராமில் இருந்த ஒரு போலி மையத்தைப் பற்றி அவர் திரட்டிய காட்சிகளை பிபிசி 2020இல் ஒளிபரப்பியது. அவரே 2021 ஜூலையில், யூடியூப் உதவிப் பிரிவு என்று சொல்லித் தொடர்புகொண்ட ஒருவரின் பேச்சை நம்பித் தம் யூடியூப் சேனலைத் தாமே அழித்துவிட்டார். பிறகு அது மீட்கப்பட்டது. நடந்ததை மறைக்காமல் வெளியில் சொன்னார் என்பதற்காகவே அவர் மீது எனக்கு மரியாதை கூடியது.

இந்தியாவில் இந்த மோசடி கணினியைவிடக் கைப்பேசியிலேயே வேர் பிடித்தது. இங்கே தூண்டில் ‘உங்கள் கணினியில் வைரஸ்’ என்பதாக இருப்பது குறைவு. கேஒய்சி முடியப்போகிறது, சிம் நின்றுவிடும், மின்கட்டணம் பதிவாகவில்லை, இன்றிரவு இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள் என்பவையே நம்மூர்த் தூண்டில்கள். சித்தப்பாவுக்கு நேர்ந்தது போல, தேடுபொறியில் போலி வாடிக்கையாளர் சேவை எண்களை ஏற்றிவைத்துக் காத்திருப்பது இன்னொரு வழி. எல்லாமே போய்ச் சேரும் இடம் ஒன்றே: திரையைத் தொலைவிலிருந்து காணவும் இயக்கவும் உதவும் செயலி. எனிடெஸ்க், டீம்வியூவர் போன்றவை அலுவலகங்களில் அன்றாடம் பயன்படும் நேர்மையான கருவிகள்தாம். அதனால்தான் அவை அதிகாரபூர்வமான செயலிக் கடையிலேயே கிடைக்கின்றன, கைப்பேசியும் அவற்றை எச்சரிக்கையின்றி ஏற்றுக்கொள்கிறது. 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி, எனிடெஸ்க் வழியாக நடக்கும் இந்த முறையைக் குறித்து வங்கிகளை எச்சரித்தது. செயலி காட்டும் ஒன்பது இலக்க எண்ணை மோசடிக்காரர் தன் பக்கம் இட்டு, இவர் அனுமதியும் கொடுத்துவிட்டால், இவர் திரை அவர் திரையாகிவிடும். அதன் பிறகு ஓடிபியை யாரும் கேட்கத் தேவையில்லை. குறுஞ்செய்தி வந்து விழும்போதே அவர் கண்ணில் பட்டுவிடும். “நான் யாருக்கும் ஓடிபி சொல்லவே இல்லையே” என்று சித்தப்பா திரும்பத் திரும்பச் சொன்னது முழு உண்மை.

இதற்கு நெருங்கிய உறவுள்ள இரண்டு வழிகளையும் சொல்லிவிட வேண்டும். ஒன்று, வாட்ஸப்பில் ‘ஏபிகே’ கோப்பாகச் செயலியை அனுப்பி நிறுவச் சொல்வது. இன்னொன்று, நட்சத்திரக் குறிகளோடு ஒரு குறியீட்டு எண்ணையும் அதைத் தொடர்ந்து ஒரு கைப்பேசி எண்ணையும் அழுத்தச் சொல்வது. இதனால் நமக்கு வரும் அழைப்புகளெல்லாம் அவர்களுக்குத் திரும்பிவிடும், அழைப்பில் வரும் ஓடிபியும் சேர்த்து. அப்படி எதையாவது அழுத்திவிட்டதாகச் சந்தேகம் இருந்தால் ##002# என்று அழுத்தி அழைக்க, எல்லாத் திருப்பல்களும் நீங்கும்.

அப்படியானால் அடையாளம் காண்பது எப்படி? பேச்சில் பிழை இருக்கும், உச்சரிப்பு வேறாக இருக்கும் என்றெல்லாம் நம்பியிருக்க முடியாது. நம் ஊர்த் தமிழில், நம் பெயரும் ஊரும் சொல்லியே அழைக்கிறார்கள். திரையில் தெரியும் எண்ணையும் நம்ப முடியாது, இணையவழி அழைப்பில் எந்த எண்ணையும் தோன்றச் செய்யலாம். நம்பத்தக்க அடையாளம் அந்த உரையாடல் போகும் திசைதான். யார் யாரை முதலில் தேடி வந்தார்? மைக்ரோசாஃப்டோ வங்கியோ மின்வாரியமோ, நாம் புகார் கொடுக்காதபோது தாமாக அழைத்து நம் கருவியைப் பழுதுபார்க்க முன்வருவதில்லை. உண்மையான விண்டோஸ் எச்சரிக்கையில் தொலைபேசி எண் ஒருபோதும் இருக்காது என்று மைக்ரோசாஃப்ட் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. நாமாக அழைத்திருந்தால், அந்த எண் எங்கிருந்து கிடைத்தது என்பதே அடுத்த கேள்வி. ஏடிஎம் அட்டையின் பின்புறம், பாஸ்புத்தகம், இயந்திரத்தோடு வந்த உத்தரவாத அட்டை ஆகியவற்றில் அச்சாகியிருக்கும் எண் வேறு, தேடுபொறியில் மேலே மிதக்கும் எண் வேறு.

திசை சரியாக இருந்தாலும் அழைப்பைத் துண்டித்தே தீர வேண்டிய சில தருணங்கள் உண்டு. செயலியை நிறுவி அதில் தெரியும் எண்ணைச் சொல்லச் சொன்னால், பணம் பெறுவதற்கு யுபிஐ பின்னை அழுத்தச் சொன்னால், அழைப்பைத் துண்டிக்காமல் வைத்துக்கொண்டே வங்கிக்குப் போகச் சொன்னால், ‘வீட்டில் யாரிடமும் இப்போது சொல்ல வேண்டாம்’ என்றால், அதற்கு மேல் ஒரு வார்த்தையும் கேட்கத் தேவையில்லை. பணம் பெறுவதற்குப் பின் எண் ஒருபோதும் வேண்டியதில்லை. மரியாதை கருதி விளக்கம் கேட்டுக்கொண்டு நிற்பதுதான் நம்மவர்களின் பெரிய பலவீனம். பேசிக்கொண்டிருப்பவரை நடுவில் வெட்டிவிட்டுப் போவது நம் வளர்ப்பில் இல்லை. இந்த ஓர் இடத்தில் அந்த வளர்ப்பை ஒதுக்கிவைக்க வேண்டும். திரையை நிறைத்து அலறும் எச்சரிக்கைக்கும் அப்படியே: எஸ்கேப் பொத்தானைச் சில நொடி அழுத்திப் பிடித்தால் முழுத்திரை பெரும்பாலும் விலகும். இல்லையென்றால் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் உலாவியை நிறுத்தலாம். அதுவும் முடியாவிட்டால் கணினியை அணைத்துவிடுவதில் எந்தக் கேடும் இல்லை. அந்தப் பக்கத்தை மூடினால் அதோடு சரி.

கதவைத் திறந்துவிட்ட பிறகு செய்ய வேண்டியவற்றுக்கு ஒரு வரிசை இருக்கிறது, அந்த வரிசை முக்கியம். முதலில் இணையத்தை அறுக்க வேண்டும்: கணினியாக இருந்தால் வைஃபை கருவியையே அணைக்கலாம், கைப்பேசியாக இருந்தால் விமானப் பயன்முறைக்கு மாற்றலாம். எதிர்முனையின் கை அந்த நொடியே விலகிவிடும். அடுத்து, வேறொரு தொலைபேசியிலிருந்து வங்கியை அழைத்து, கணக்கையும் அட்டையையும் யுபிஐயையும் முடக்கச் சொல்ல வேண்டும். உடனடியாகவே 1930 என்ற எண்ணில் புகார் சொல்ல வேண்டும். 2021இல் தொடங்கப்பட்ட இந்த ஏற்பாட்டில், புகார் பதிவானதும் பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குத் தகவல் போகிறது. பணம் அந்தக் கணக்கிலேயே இருந்தால் அதை அங்கேயே நிறுத்திவைக்க முடியும். ஆனால் மோசடிக்காரர்கள் அதை வாடகைக் கணக்குகள் பலவற்றின் வழியாக நிமிடங்களில் கைமாற்றி, கடைசியில் ஏடிஎம்மில் ரொக்கமாக எடுத்துவிடுகிறார்கள். ஆகவே மணிக்கணக்கில்தான் வாய்ப்பு இருக்கிறது, நாட்கணக்கில் இல்லை. எழுத்து வழிப் புகாரை உள்துறை அமைச்சகத்தின் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பதிவு செய்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

வேகத்துக்குச் சட்டக் காரணமும் ஒன்று உண்டு, பலருக்கு அது தெரியாது. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலைச் சுற்றறிக்கையின்படி, வங்கியின் மீதும் வாடிக்கையாளர் மீதும் தவறில்லாமல் வேறெங்கோ நேர்ந்த குறையால் பணம் போயிருந்து, வங்கியிலிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் புகார் சொன்னால், வாடிக்கையாளருக்கு இழப்பே கிடையாது. இரகசிய விவரங்களைத் தாமே பகிர்ந்தது போன்ற கவனக்குறைவு இருந்தால், புகார் சொல்லும் வரை நேர்ந்த இழப்பு வாடிக்கையாளருடையது; ஆனால் புகார் சொன்ன நொடிக்குப் பிறகு போகும் ஒவ்வொரு ரூபாய்க்கும் வங்கியே பொறுப்பு. இந்தக் கோடு எங்கே விழுகிறது என்பது நாம் எப்போது வாயைத் திறக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

இவை முடிந்த பிறகே கருவியைக் கவனிக்க வேண்டும். நுழைந்த செயலியின் பெயர், வந்த எண், குறுஞ்செய்திகள், பணம் போன குறிப்பு எண்கள் ஆகியவற்றைப் படமெடுத்து வைத்துவிட்டு, பிறகு அந்தச் செயலியை நீக்கலாம். பதற்றத்தில் எல்லாவற்றையும் அழித்துவிடுவோர் புகாருக்கான சான்றையும் சேர்த்தே அழித்துவிடுகிறார்கள். கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்ற வேண்டும், மின்னஞ்சலிலிருந்து தொடங்க வேண்டும். மற்றக் கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றும் வழி அதற்குள் இருக்கிறது. நீண்ட நேரம் கணினி அவர்கள் கையில் இருந்திருந்தால், தேவையான கோப்புகளை எடுத்துக்கொண்டு விண்டோஸை முழுவதுமாக மறுபடி நிறுவிக்கொள்வதே நிம்மதி.

வீட்டில் உள்ளவர்கள் செய்ய வேண்டியது இவற்றில் எதற்கும் குறைந்ததில்லை. சித்தப்பா இரண்டு நாள் வாய் திறக்காமல் இருந்ததற்குக் காரணம், “இவ்வளவு படித்தும் உங்களுக்குத் தெரியவில்லையா?” என்ற கேள்வியை நாங்கள் கேட்போம் என்ற அச்சம்தான். அதற்கு முன்பு செய்தித்தாளில் இத்தகைய செய்தியைப் படிக்கும்போதெல்லாம், ஏமாந்தவர்களைப் பற்றி நாங்கள் கூடத்தில் உட்கார்ந்து பேசிய பேச்சை அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். மோசடிக்காரருக்குக் கிடைத்த அந்த 48 மணி நேரத்தில் எங்கள் பங்கும் இருக்கிறது. மூன்று தவணைகளில் கடைசியாகப் போன 9,000 ரூபாய் மட்டும் ஒரு கணக்கில் எடுக்கப்படாமல் கிடந்து, பிறகு அவருக்குத் திரும்பியது.

ஒரு முறை ஏமாந்தவரின் எண் அத்தோடு விடப்படுவதில்லை, அடுத்த கும்பலுக்குக் கைமாறுகிறது. மூன்று வாரம் கழித்து ஒருவர் சைபர் பிரிவிலிருந்து பேசுவதாகச் சொல்லி, பணம் மீட்கப்பட்டுவிட்டது, செயல்பாட்டுக் கட்டணமாக 2,500 ரூபாய் செலுத்தினால் கணக்கில் ஏறிவிடும் என்றார். சித்தப்பா அவரை இருக்கச் சொல்லிவிட்டு, பாஸ்புத்தகத்தின் உள்ளட்டையில் எழுதிவைத்திருந்த புகார் எண்ணைப் பார்த்து, “என் புகார் எண் என்ன என்று நீங்களே சொல்லுங்கள்” என்று கேட்டார். எதிர்முனையில் இணைப்பு துண்டிக்கப்பட்டது. அந்த எண்ணையும், அழைப்பு வந்த நேரத்தையும் அவர் புகார் எண்ணுக்குக் கீழேயே குறித்துக்கொண்டு, சித்தியைக் கூப்பிட்டுச் சொன்னார்.